மீன் தொட்டி பில்டருக்கு வீட்டுச் சாமான்: செய்வது, கழுவுவது, திரும்பப் பாவிப்பது – கேள்வி பதில்

இங்கே சொல்லும் அளவுகள் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமான கண்ணாடித் தொட்டிக்கு உரியவை. விளிம்பு வரை நிரப்பினால் 56 லீட்டர் பிடிக்கும். அடியில் போடும் கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லீட்டர் அளவில் நிற்கும். பெரிய தொட்டி என்றால் அதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

பில்டருக்குள் ஏன் எதையாவது போட வேண்டும்? தண்ணீர் சுற்றி ஓடினால் போதாதா?

போதாது. மீன் செவுள் வழியாக அமோனியாவை விடுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அமோனியாதான் வரும். நைட்ரோசோமோனாஸ் போன்ற பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. நைட்ரோஸ்பிரா போன்றவை நைத்திரைற்றை, தீங்கு மிகக் குறைந்த நைத்திரேற்றாக மாற்றுகின்றன. நைத்திரேற்றை வாராவாரம் தண்ணீர் மாற்றி வெளியேற்றி விடலாம். முதல் இரண்டும்தான் மீனைக் கொல்பவை.

இந்தப் பற்றீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிவதில்லை, எதிலாவது ஒட்டித்தான் வாழும். ஒட்ட இடமும் ஒட்சிசன் உள்ள ஓடும் தண்ணீரும் வேண்டும். சில கிழமைகள் ஓடிய பஞ்சைத் தொட்டால் விரலில் ஒரு பழுப்பு வழுவழுப்புப் படும். தொட்டியைக் காப்பாற்றுவது அதுதான். செங்கல், வலை, பஞ்சு எல்லாம் அது ஒட்டியிருக்கும் இடம் மட்டுமே. அதனால் இடத்துக்குச் செலவைக் குறைக்கலாம். அதில் வளர்ந்ததைக் கழுவித் தொலைப்பதுதான் உண்மையான நட்டம்.

நம் பக்கத்து வெக்கையில் இது இன்னும் முக்கியம். 30 பாகை செல்சியஸில் தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7 ஆக இருந்தால், அமோனியாவில் நஞ்சான வடிவம் நூற்றில் ஒரு பங்கும் வராது. பிஎச் 8 என்றால் அது ஏழு பங்குக்கு ஏறிவிடும். மட்டக்களப்பு, அம்பாறைக் கடற்கரைப் பட்டியில் கல்லாறு, கல்லடி, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் கடினமாக, பிஎச் ஏறி இருக்கும் வீடுகள் பல உண்டு. அங்கே கொஞ்ச அமோனியாவே போதும், மீன் மேலே வந்து வாயைத் திறக்கத் தொடங்கிவிடும்.

கடையில் விற்கும் செராமிக் வளையத்துக்குப் பதிலாக எதைப் போடலாம்?

சூளையில் நன்றாக வெந்த சாதாரணச் செங்கல். செராமிக் வளையமும் சுட்ட மண்தானே. வளையத்தில் நுண்துளை கூடுதலாகவும் ஒழுங்காகவும் இருக்கும்; செங்கல்லில் குறைவாக இருக்கும். அளவைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும். வீடு கட்டும் இடங்களில் உடைந்த அரைக்கல் கிடக்கும், கேட்டால் சும்மாவே தருவார்கள்.

எந்தக் கல் என்று பார்த்து எடுங்கள். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் "கணீர்" என்று கேட்க வேண்டும். "பொத்" என்று கேட்டால் வேகாத கல், தண்ணீரில் கரைந்து சேறாகும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை வாளியில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் விரலால் விளிம்பைத் தேய்க்கும்போது மண் கழன்று வந்தால் வேண்டாம். சூளையில் அதிகம் எரிந்து கறுத்துக் கண்ணாடி போல உருகிய கல்லில் துளை அடைபட்டிருக்கும், அதையும் தள்ளி வையுங்கள். பெயின்ற் பட்டது, எண்ணெய் பட்டது எதுவும் கூடாது.

சாந்து ஒட்டிய கல்லை எடுத்தால் சாந்து முழுவதையும் கொத்தி எடுங்கள். காய்ந்த துண்டின் மேல் நாலு துளி வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அங்கே சீமெந்தோ சுண்ணாம்போ இருக்கிறது. அது பிஎச்சை ஏற்றிவிடும்.

எவ்வளவு சிறிதாக உடைக்க வேண்டும்?

கொட்டைப்பாக்கு அளவு, அதாவது ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீற்றர். கல்லை அரிசிப் பைக்குள் போட்டு மேலே சுத்தியலால் தட்டினால் துண்டு பறக்காது. உரப் பையைப் பாவிக்க வேண்டாம். உரத்தின் மிச்சம் செங்கல்லில் ஊறினால் பிறகு தண்ணீரில் அமோனியா எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். உடைத்ததைக் கண் பெரிய அரிதட்டில் அரித்து, தூளையும் பயற்றளவுத் துகளையும் கொட்டிவிடுங்கள். தூள் உள்ளே போனால் இடைவெளியை அடைத்து, தண்ணீர் ஒரே வழியில் ஓடத் தொடங்கும். மற்ற இடமெல்லாம் தேங்கி நாறும். ஒரு முழுக் கல் உடைத்தால், தூள் போக ஏறத்தாழ இரண்டு லீட்டர் சல்லி கிடைக்கும். நம் தொட்டிக்கு ஒன்றரை லீட்டர் தாராளம்.

கழுவும் தண்ணீர் தெளியும் வரை, ஆறேழு தரம், கழுவுங்கள். பிறகு பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றி 15 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறிய பின் இரண்டு நாள் ஊறவையுங்கள். காய்ந்த சல்லியை முதலில் தண்ணீரில் போடும்போது ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஊசி முனை போலக் குமிழி வரிசையாகக் கிளம்பும், காதை வைத்தால் "சொய்" என்று மெல்லக் கேட்கும். உள்ளே துளை இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. குமிழி வராத துண்டை எறிந்துவிடலாம்.

ஊறவைத்த வாளியை நுளம்பு வலையால் கட்டாயம் மூடுங்கள். ஒரு கிழமை திறந்து கிடந்தால் டெங்கு நுளம்பு வளர அதுவே போதும்.

உடைந்த மண்சட்டி, கூரை ஓடு, கருங்கல், சீமெந்துக் கல் போடலாமா?

மண்சட்டியும் பூச்சில்லாத ஓடும் செங்கல் போலத்தான், நல்லவை. கறி சமைத்த சட்டி வேண்டாம், எண்ணெய் ஊறியிருக்கும். கருங்கல்லில் துளை இல்லை. பாரத்துக்கு அடியில் போடலாம், அவ்வளவுதான். சீமெந்துக் கல் ஒருபோதும் வேண்டாம்.

மீன்பிடி வலைத் துண்டு, பாத்திரம் தேய்க்கும் வலை, போத்தல் மூடி இவை எப்படி?

மூன்றும் வேலை செய்யும், ஆனால் ஒன்றுபோல அல்ல.

பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் வலைப்பந்து மிகச் சுலபமானது. நாடா நாடாகச் சுருண்டிருப்பதால் பரப்பு கூடுதல், அடைபடுவது குறைவு. ஐந்தாறு பந்து போதும். கம்பிச் சுருள் எதுவும் கூடாது. செம்பும் பித்தளையும் இறாலையும் நத்தையையும் முதலில் கொல்லும், பிறகு மீனைக் கொல்லும். சவர்க்காரம் ஊறிய பச்சைத் தேய்ப்பானும் கூடாது.

வலைத் துண்டுக்கு நம் கரையில் பஞ்சமில்லை. வாழைச்சேனை, கல்முனை, ஒலுவில் எங்கே போனாலும் கிழிந்து கழித்த வலை கிடக்கும். நைலோன் வலை தண்ணீரில் அமிழும், பொலித்தீன் நூல் வலை மிதக்கும். அமிழ்வதை எடுங்கள். டீசல் மணம் இருந்தால் தொடவே வேண்டாம், எத்தனை தரம் கழுவினாலும் போகாது. மற்றதை நல்ல தண்ணீரில் மூன்று நாள், நாளுக்கொரு தரம் தண்ணீர் மாற்றி ஊறவைத்து, சிக்கியிருக்கும் செதில், சிப்பி எல்லாம் பிடுங்கி, கடைசியாகச் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் காயவையுங்கள். உப்பு மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க, அலசிய தண்ணீரை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கைப்பிடி அளவாக உருட்டி நைலோன் நூலால் கட்டி, பில்டருக்குள் மட்டும் வையுங்கள். தொட்டிக்குள் திறந்து கிடந்தால் குஞ்சு மீன் சிக்கிக்கொள்ளும். கரையில் கிடந்தால் ஆமையைச் சிக்கவைக்கும் வலை, இப்படி ஒரு வேலைக்கு வருவது நல்லதே.

போத்தல் மூடி மிதக்கும், அதுதான் சிக்கல். ஒவ்வொன்றிலும் இரண்டு துளை போட்டு, மாலை போலக் கோர்த்து, கூழாங்கல் ஒன்றைப் பாரமாகக் கட்டினால் அடங்கும். மூடிக்குள் இருக்கும் மெல்லிய உள்தகட்டைப் பிடுங்கிவிடுங்கள், அதன் அடியில் அழுக்குத் தேங்கும். 60, 70 மூடி சேர்த்தும் செங்கல் ஒரு லீட்டருக்கு ஈடாகாது. பிள்ளைகளுக்கு வேலை கொடுக்க நல்லது.

மின் வயர் போகும் நெளிக் குழாயின் துண்டுகள் மிச்சம் இருந்தால், மூடியை விட்டுவிட்டு அதை எடுங்கள். ஒன்றரை சென்டிமீற்றராக நறுக்கினால் பில்டருக்கென்று விற்கும் விலைகூடிய பிளாஸ்டிக் பந்தான பயோபோலுக்குக் கிட்ட வரும்.

அழுக்கைப் பிடிக்க எந்தப் பஞ்சு?

தலையணைக்குள் அடைக்கும் பொலியெஸ்டர் பஞ்சு. நம் வீடுகளில் பழைய தலையணை பலதும் இலவம்பஞ்சு, அது தண்ணீரில் அழுகும். பருத்தியும் அப்படித்தான். வித்தியாசம் தெரியாவிட்டால் ஒரு இழையை நெருப்பில் காட்டுங்கள். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகும். பருத்தியும் இலவமும் கடதாசி எரியும் மணத்தோடு சாம்பலாகும்.

புதிய தலையணைப் பஞ்சையும் இரண்டு தரம் வெறும் தண்ணீரில் அலசுங்கள். இரண்டு விரல் தடிப்பில், அமுக்காமல் பரப்புங்கள். இறுக்கி அடைத்தால் தெளிவு கூடும் என்று நினைப்பது தவறு. இறுகிய பஞ்சு இரண்டு நாளில் அடைபட்டு, தண்ணீர் பக்கத்தால் வழிந்து வடியாமலே திரும்பும்.

மெத்தை ஸ்பொஞ்சின் கண் மிக நுண்மையானது, சீக்கிரம் அடைபடும். வெட்டிய துண்டை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், காற்று தாராளமாகப் போனால் பாவிக்கலாம். வாசனை போட்டது, "கிருமி நாசினி" என்று உறையில் எழுதியது எதுவும் வேண்டாம்.

தும்பு? தேங்காய்த் தும்பு தண்ணீரைத் தேநீர் நிறமாக்கி, மெல்ல அழுகி, ஒட்சிசனையும் தின்னும். முட்டையிட வைக்கலாம், பில்டருக்கு வேண்டாம். உமியும் உமிக்கரியும் கூட வேண்டாம். முன்னையது அழுகும், பின்னையது தூளாகி மிதக்கும்.

சிரட்டைக்கரி கடையில் விற்கும் கார்பனுக்கு ஈடாகுமா?

ஆகாது, ஆனால் பயனில்லாததும் அல்ல. சிரட்டைக்கரியை 800 பாகைக்கு மேல் நீராவியில் மீண்டும் சூடாக்கி உள்ளே எண்ணற்ற துளைகளைத் திறந்தால்தான் அது செயலூட்டிய கரி. இலங்கையே அதைச் சிரட்டையில் செய்து ஏற்றுமதி செய்கிறது. வீட்டு அடுப்பில் அந்த வேலை நடக்காது. வீட்டுக் கரி மரத்துண்டின் காவி நிறத்தையும் மருந்தின் மிச்சத்தையும் ஓரளவு இழுக்கும். அமோனியாவை இழுக்காது.

செய்வதென்றால், மூடியில் சிறு துளை போட்ட பழைய தகரப் பேணிக்குள் காய்ந்த சிரட்டைத் துண்டுகளை அடைத்து நெருப்பில் வையுங்கள். துளை வழியே வரும் புகையும் சுவாலையும் நின்றதும் எடுத்து, துளையை மண்ணால் அடைத்து ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் காற்றுப் பட்டுச் சாம்பலாகிவிடும். உடைத்து, தூளை அரித்து, தண்ணீர் தெளியும் வரை கழுவுங்கள். கழுவுவதில் சோம்பல் கூடாது. சாம்பல் காரம், அப்படியே போட்டால் பிஎச் ஒரே இரவில் ஏறும். திரவம் ஊற்றி மூட்டும் சுடுகரிக் கட்டிகளை எந்தக் காரணத்துக்காகவும் பாவிக்க வேண்டாம்.

கரி இன்னும் வேலை செய்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. ஒரு கிளாஸ் தண்ணீரில் மெதிலீன் புளூ மருந்தை ஒரு துளி விட்டு, இரண்டு மேசைக்கரண்டி கரியைப் போட்டு, அவ்வப்போது கலக்குங்கள். பக்கத்தில் கரி போடாத கிளாஸ் ஒன்று இருக்கட்டும். ஒரு மணி நேரத்தில் நீலம் வெளிறினால் கரிக்கு உயிர் இருக்கிறது. அந்தச் சோதனைக் கரியைத் தொட்டியில் போட வேண்டாம்.

களைத்த கரியைக் கொதிக்க வைத்தாலும் வெயிலில் காய வைத்தாலும் துளை திறக்காது. மூன்று நாலு கிழமையில் எடுத்துப் பூச்சாடிக்குப் போடுங்கள்.

ஒரு போத்தலில் முழு பில்டரையும் செய்ய முடியுமா?

முடியும். ஒரு லீட்டர் பிளாஸ்டிக் போத்தல், அரை அங்குல பிவிசி குழாய் 24 சென்டிமீற்றர், ஒரு எயார் பம்ப், அதன் குழாய். இவ்வளவுதான்.

போத்தலை அடியிலிருந்து 18 சென்டிமீற்றர் உயரத்தில் வெட்டி, கழுத்துப் பக்கத்தை விட்டுவிடுங்கள். வெட்டிய விளிம்பைச் சூடான தோசைக்கல்லில் ஒரு நொடி வைத்து எடுத்தால் கூர் மழுங்கும். பிவிசி குழாயின் ஒரு முனையில் வாளால் நாலு காடி, விரல் நக ஆழத்துக்கு வெட்டுங்கள். தண்ணீர் அந்தக் காடிகள் வழியேதான் குழாய்க்குள் நுழையப் போகிறது. காடி உள்ள முனை கீழே இருக்க, குழாயைப் போத்தலின் நடுவில் நிறுத்தி, சுற்றிலும் இரண்டு விரல் உயரத்துக்குக் கழுவிய கூழாங்கல் போடுங்கள். அது பாரம், இல்லாவிட்டால் போத்தல் மிதந்து சாயும். அதன் மேல் செங்கல் சல்லி எட்டு சென்டிமீற்றர், அதன் மேல் பிளாஸ்டிக் வலைப்பந்து ஒன்றைப் பிரித்துச் சுற்றி ஒரு அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே பஞ்சு.

எயார் குழாயைப் பிவிசி குழாய்க்குள் மேலிருந்து இறக்கி, அடியிலிருந்து இரண்டு சென்டிமீற்றர் உயரத்தில் நிறுத்துங்கள். குமிழி மேலே ஏறும்போது தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போகும். போன இடத்தை நிரப்பத் தொட்டித் தண்ணீர் பஞ்சு வழியாகக் கீழே இறங்கும். குழாயின் மேல் முனை தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். மட்டத்துக்கு மேலே நாலு விரல் நீட்டிக்கொண்டிருந்தால் குமிழி மட்டும் வெடிக்கும், தண்ணீர் ஏறாது. "பம்ப் ஓடுகிறது, பில்டர் வேலை செய்யவில்லை" என்ற முறைப்பாட்டில் பாதி இதுதான். மீதிப் பாதி, எயார் குழாய் போதிய ஆழம் இறங்காதது.

பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, தட்டிலோ ஆணியிலோ வையுங்கள். கீழே வைத்தால் கரண்ட் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கிப் பம்புக்குள் போகும்.

கப்பி, பிளாட்டி போன்ற சின்ன மீன் எட்டு பத்துக்கு ஒரு போத்தல் போதும். ஆனாலும் இரண்டு வையுங்கள் என்றுதான் சொல்வோம். ஒன்றைக் கழுவும்போது மற்றது பற்றீரியாவோடு அப்படியே இருக்கும். பம்புக்கு இரட்டை வாய் இருந்தால் மேலதிகச் செலவு ஒரு போத்தல்தான்.

நாலடித் தொட்டிக்கு, கோல்ட் பிஷ்சுக்கு?

போத்தல் தாங்காது. நாலு லீட்டர் ஐஸ்கிறீம் பெட்டி மூன்றை ஒன்றின் மேல் ஒன்றாகத் தொட்டிக்கு மேலே அடுக்கி, அடியில் ஐந்து மில்லிமீற்றர் துளை 40, 50 போட்டு, பம்பால் தண்ணீரை மேல் பெட்டிக்கு ஏற்றுங்கள். மேலே பஞ்சு, நடுவில் வலைப்பந்து, கீழே செங்கல். மணிக்குத் தொட்டி அளவைப் போல நாலைந்து மடங்கு தண்ணீர் சுற்ற வேண்டும், 200 லீட்டருக்கு 800 முதல் 1000 லீட்டர் பம்ப். 30 பாகைத் தண்ணீர் நிறைவாகப் பிடித்தாலும் லீட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஒட்சிசன்தான் பிடிக்கும். துளித்துளியாக விழும் இந்த அமைப்பில் அது நிறைவாகவே கிடைக்கிறது.

ஒரு எச்சரிக்கை: மேல் பெட்டியின் தொட்டிப் பக்கச் சுவரில், விளிம்புக்கு இரண்டு விரல் கீழே பெரிய காடி ஒன்று வெட்டுங்கள். பஞ்சு அடைபட்ட நாளில் தண்ணீர் அந்த வழியாகத் தொட்டிக்குள்ளேயே விழும். காடி இல்லாவிட்டால் நிலத்தில் விழும், பம்ப் தொட்டியை இறைத்து முடித்துவிடும்.

புதிய செங்கல் எத்தனை நாளில் வேலை செய்யத் தொடங்கும்?

சும்மா விட்டால் நாலு முதல் ஆறு கிழமை. ஓடும் தொட்டியிலிருந்து பழைய பஞ்சு ஒரு துண்டு கிடைத்தால் அதைச் செங்கல் மேல் வையுங்கள், நாள் பாதியாகக் குறையலாம். அந்தத் தொட்டியில் நோய் இருந்திருக்கக் கூடாது. பஞ்சை ஈரமாக, தொட்டித் தண்ணீரிலேயே, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

தொடக்கத்தில் இரண்டு மூன்று மீனோடு நிறுத்துங்கள், தீனியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சிட்டிகை அளவு போடுங்கள். முதற் கிழமைகளில் தண்ணீர் பால் கலந்தது போலக் கலங்கினால் பில்டரைக் கழற்றிக் கழுவப் போகாதீர்கள். அது தானாகத் தெளியும், கழுவினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

எப்படிக் கழுவ வேண்டும்?

தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில். குழாயடிக்குக் கொண்டுபோகக் கூடாது. உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீரோ வேறு எந்தக் குழாய்த் தண்ணீரோ, குளோரீன் போட்டுத்தான் வருகிறது. நம்மைக் கிருமியிலிருந்து காக்கும் அதே குளோரீன் பஞ்சில் உள்ளதையும் கொல்லும்.

வாரத் தண்ணீர் மாற்றும்போது அந்தத் தண்ணீரை இரண்டு வாளியில் பிடியுங்கள். மேல் பஞ்சை முதல் வாளியில் மூன்று நாலு தரம் பிழியுங்கள். முதற் பிழியலில் தண்ணீர் கோப்பி நிறமாகும். இரண்டாம் வாளியில் ஒரு தரம் முக்கி எடுங்கள், இளந்தேநீர் நிறத்தில் வடிந்தால் நிறுத்திவிடுங்கள். பஞ்சு வெள்ளையாக வேண்டும் என்று தேய்க்க வேண்டாம். செங்கல் சல்லியை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம், வலைப்பையோடு வாளியில் அமிழ்த்தி இரண்டு குலுக்கு. போதும். வெங்காயம் வரும் வலைப்பையில் முதலிலேயே போட்டு வைத்திருந்தால் இந்த வேலை ஒரு நிமிடம்.

பஞ்சையும் செங்கல்லையும் ஒரே நாளில் கழுவக் கூடாது. இடையே இரண்டு கிழமை விடுங்கள். பஞ்சு நாலைந்து கழுவலில் தட்டையாகிப் போகும், அப்போது மாற்றுங்கள். வலைப்பந்தும் செங்கல்லும் பல வருடம் வரும்.

வாளித் தண்ணீரை வாழைக்கோ கறிவேப்பிலைக்கோ ஊற்றுங்கள்.

கழற்றியபோது கறுத்து, கூழ்முட்டை மணம் வந்தது. ஏன்?

அங்கே தண்ணீர் ஓடவில்லை. ஒட்சிசன் இல்லாத இடத்தில் வேறு பற்றீரியா வளர்ந்து ஐதரசன் சல்பைட்டு உண்டாகிறது, மீனுக்குக் கொடிய நஞ்சு. பில்டரை ஓடவிடாமல் அப்படியே வெளியே எடுத்து, கறுத்ததைத் தொட்டித் தண்ணீரில் நன்றாக அலசி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். பிறகு காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் தூள் அரிக்காத சல்லி, அல்லது இறுக்கி அடைத்த பஞ்சு.

எங்கள் வீட்டில் கிணற்றுத் தண்ணீர்தான். குளோரீன் பயம் இல்லையே?

மாரி முடியும் வரை அப்படிச் சொல்லாதீர்கள். வெள்ளம் வடிந்த பின் கிணற்றை இறைத்துக் குளோரீன் தூள் போடுவது இங்கே வழக்கம். போட்ட கிணற்றுத் தண்ணீரை அகன்ற பேசினில் எயார் குழாய் விட்டு இரண்டு நாள் வைத்து, மணம் முற்றாகப் போன பிறகே தொட்டிக்கு எடுங்கள். மணம் இன்னும் இருந்தால் சோடியம் தயோசல்பேற்று கலந்த குளோரீன் நீக்கியைப் பாவியுங்கள், மீன் கடைகளில் இருக்கும்.

சவர்க் கிணறாக இருந்தால் சியோலைற்றுக் கல்லுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அது அமோனியாவைப் பிடிப்பது நல்ல தண்ணீரில்தான். உப்புப் பட்டால் பிடித்ததையும் விட்டுவிடும். நோய்க்குத் தொட்டியில் உப்புப் போடும் நாளில் சியோலைற்று உள்ளே இருந்தால், அமோனியா ஒரேயடியாக ஏறுவதும் இதனால்தான்.

முருகைக்கல், மட்டி ஓடு போடலாமா?

பாசிக்குடா, காயன்கேணிப் பக்கத்திலிருந்து முருகைக்கல் எடுத்து வர வேண்டாம். அது சட்டப்படி தடை. தடை இல்லாவிட்டாலும் எடுக்கக் கூடாதது, ஏனென்றால் வளர மிக நீண்ட காலம் எடுக்கும்.

மட்டி ஓடு வேறு விடயம், சமைத்து எறிந்ததைக் கழுவிக் கொதிக்க வைத்து நொறுக்கிப் பாவிக்கலாம். அது மெல்லக் கரைந்து கடினத்தன்மையையும் பிஎச்சையும் உயர்த்தும். கடற்கரைக் கிணற்றுத் தண்ணீருக்கு அது தேவையே இல்லை. மழைத் தண்ணீரில் தொட்டி நிரப்புவோருக்குத் தேவை. பற்றீரியா அமோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகும், மழைத் தண்ணீரில் அதைத் தாங்க ஒன்றும் இருக்காது. பிஎச் சட்டென்று சரிந்து பற்றீரியா வேலையை நிறுத்திவிடும். அப்படிப்பட்ட தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி ஓட்டுத் தூள், வலைப்பையில் கட்டி, பில்டரில் வைத்தால் போதும்.

நோய் வந்து மீன் செத்த தொட்டியின் மீடியாவை (பில்டருக்குள் போட்ட செங்கல், வலை, பஞ்சு) திரும்பப் பாவிக்கலாமா?

பஞ்சை எறிந்துவிடுங்கள். செங்கல்லைப் பச்சைத் தண்ணீரில் வைத்து 20 நிமிடம் கொதிக்கவிட்டு, வெயிலில் முற்றாகக் காயவிடுங்கள். நெருப்பில் நேரே போட வேண்டாம், உள்ளே ஊறிய தண்ணீர் ஆவியாகிக் கல் வெடிக்கும். பிளாஸ்டிக் வலைப்பந்து கொதியைத் தாங்காது. வாசனை போடாத பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் 19 பங்கு கலந்து அரை மணி நேரம் அமிழ்த்துங்கள். பிறகு பலமுறை அலசி, மணம் சற்றும் இல்லாமல் போகும் வரை இரண்டு மூன்று நாள் வெயிலில் போடுங்கள். பிளீச்சோடு வினாகிரியோ வேறு அமிலமோ சேர்க்கவே கூடாது, குளோரீன் வாயு வரும். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள்.

இப்படிச் சுத்தம் செய்தது புதிய மீடியாவுக்குச் சமன். பற்றீரியா ஒன்றும் மிஞ்சியிருக்காது, நாலு ஆறு கிழமைக் கணக்கு மீண்டும் தொடங்கும்.

கரண்ட் நாள் முழுக்க இல்லாவிட்டால்?

நவம்பர், டிசம்பர் மாரிக் காற்றில் இது அடிக்கடி நடக்கும். கடையில் வாங்கும், மூடிய டப்பாப் பில்டருக்குள் தேங்கிய தண்ணீரில் சில மணி நேரத்தில் ஒட்சிசன் தீர்ந்து, பற்றீரியா சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் தள்ளும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் டப்பாவைத் திறந்து, உள்ளே நின்ற தண்ணீரைக் கொட்டி, மீடியாவை வலைப்பையோடு தொட்டிக்குள் தொங்கவிடுங்கள். போத்தல் பில்டர் மேலே திறந்திருப்பதால் சற்றுத் தாங்கும். ஆனாலும் மேல் பஞ்சை எடுத்துவிடுங்கள், ஒட்சிசனை முதலில் தின்பது அதில் உள்ள அழுக்குத்தான். ஐஸ்கிறீம் பெட்டி அடுக்குக்குக் கவலை குறைவு. தண்ணீர் வடிந்து மீடியா ஈரமாகக் காற்றில் நிற்கும். மணிக்கொரு தரம் ஒரு கோப்பை தொட்டித் தண்ணீர் மேலே ஊற்றினால் ஒரு நாள் தாங்கும்.

அன்று தீனி போட வேண்டாம். அரை மணிக்கு ஒரு தரம் ஒரு செம்பு தண்ணீரை அள்ளி ஒரு முழ உயரத்திலிருந்து தொட்டிக்குள் ஊற்றுங்கள். கரண்ட் வந்த பின், டப்பாப் பில்டரை ஓடவிட்டு முதலில் வரும் தண்ணீரை வாளியில் பிடித்துக் கொட்டிவிட்டு, அதன் பிறகே குழாயைத் தொட்டிக்குள் திருப்புங்கள்.